ஒன்பது மணி நேரப் பயணமும் இரண்டு கினிப்பன்றிகளும்

கேள்வி: எங்கள் வீட்டில் மிளகு, பஞ்சு என்று இரண்டு பெண் கினிப்பன்றிகள் இருக்கின்றன. இரண்டுக்கும் வயது இரண்டைத் தாண்டிவிட்டது. குட்டியிலிருந்தே ஒன்றாக வளர்ந்தவை. அடுத்த மாதம் வீடு மாறுகிறோம். காரில் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் போக வேண்டும். இதற்கு முன் ஒரே ஒரு முறைதான் அவற்றைக் காரில் ஏற்றியிருக்கிறேன். நகம் வெட்டுவதற்காக ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து மருத்துவரிடம் கொண்டுபோனேன். இருபது நிமிடப் பயணம். வழி முழுவதும் சத்தமே போடாமல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு பஞ்சு அன்று இரவு வரை எதையும் தொடவில்லை. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. நாய் வளர்க்கும் ஒருவர், கிளம்புவதற்கு ஆறு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் வாந்தி எடுக்கும் என்கிறார். இன்னொருவர் டிக்கியில் வைத்தால் இருட்டில் தூங்கிவிடும் என்கிறார். தூக்க மருந்து கொடுக்கலாமா? ஒன்பது வயது மகன், மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன் என்று அடம்பிடிக்கிறான். என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தில் ‘சமர்த்தாக உட்கார்ந்திருந்தன’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். சிறு பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கியதிலிருந்து, கினிப்பன்றியைக் கொண்டுவருகிறவர்கள் சொல்லக் கேட்டு நான் மிகவும் கவலைப்படும் வார்த்தை அதுதான். கினிப்பன்றி வேட்டையாடப்படும் இனம். பருந்தின் நிழல் விழுந்தால் அசையாமல் கல்லாகிவிடுவதுதான் அதன் முதல் தற்காப்பு. நாய் பயந்தால் குரைக்கும், பூனை பயந்தால் கத்தும். கினிப்பன்றி பயந்தால் மௌனமாகிவிடும். வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் கதவு திறக்கும் ஓசைக்கே ‘வீக், வீக்’ என்று ஊரைக் கூட்டுகிற மிளகும் பஞ்சும் காரில் வாயே திறக்கவில்லை என்றால், அவை அமைதியாக இல்லை, உறைந்துபோயிருந்தன என்று அர்த்தம்.

அப்படியானால் பயணத்தில் அவை எப்படி இருக்கின்றன என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது? வாயை வைத்து. உலர்ந்த புல்லை மென்றுகொண்டிருக்கும் கினிப்பன்றிக்குப் பெரிய ஆபத்து ஏதும் இல்லை. மெல்லுவதை நிறுத்திய கினிப்பன்றியை நீங்கள் கவனித்தே ஆக வேண்டும். இந்தப் பதிலில் நான் சொல்லப்போவதெல்லாம் அந்த வாய் ஓயாமல் இருப்பதற்கான ஏற்பாடுகளே.

முதலில் பட்டினி போடும் யோசனையைக் கைவிட்டுவிடுங்கள். நாய்க்கு அது சரி. கார் ஆட்டத்தில் நாய் வாந்தி எடுக்கும். கினிப்பன்றிக்கு வாந்தி எடுக்கவே முடியாது. அதன் உடலமைப்பு அப்படி. அதனால் பட்டினியால் கிடைக்கும் நன்மை எதுவும் இல்லை, கெடுதல் மட்டும் உண்டு. அதன் குடல் நம்முடையதைப் போல வேளைக்கு வேளை வேலை செய்வதில்லை. குருட்டுக்குடல் என்கிற பெரிய பை ஒன்று வயிற்றின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதில் வாழும் நுண்ணுயிரிகள் இரவு பகலாக நாரைப் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றுகின்றன. மேலிருந்து நார் வந்துகொண்டே இருந்தால்தான் குடல் நகரும். வரத்து நின்றால் குடல் தளரும், வாயு சேரும், வயிறு வலிக்கும். வலியால் பிராணி இன்னும் சாப்பிடாது. சாப்பிடாததால் குடல் இன்னும் தளரும். பன்னிரண்டு மணி நேரம் ஒன்றுமே சாப்பிடாத கினிப்பன்றியை அவசர நோயாளியாகவே நாங்கள் பார்க்கிறோம். நீங்கள் சொல்லும் ஆறு மணி நேரப் பட்டினியோடு ஒன்பது மணி நேரப் பயணத்தையும், வந்து இறங்கிய பிறகு பயத்தில் சாப்பிடாத சில மணி நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். அன்று இருபது நிமிடப் பயணத்துக்கே பஞ்சு இரவு வரை வாய் வைக்கவில்லையே.

ஆகவே கிளம்பும் காலையில் வழக்கமான தீனியைக் கொடுங்கள். பயணப் பெட்டிக்குள் இரண்டும் புதைந்துகொள்ளும் அளவுக்கு உலர்புல்லைக் குவித்துவிடுங்கள். உலர்புல் என்று சொல்வதை அழுத்திச் சொல்கிறேன், வைக்கோல் வேறு. வைக்கோல் கதிர் அறுத்த பிறகு மிஞ்சும் தாள். அதில் சத்து குறைவு, நுனி விறைப்பாக இருக்கும். கார் குலுங்கும்போது கண்ணில் குத்திய வைக்கோலால் கருவிழியில் புண்ணோடு வந்த கினிப்பன்றிகளுக்கு மருந்து போட்டிருக்கிறேன். பச்சை மாறாமல் உலர்த்திய மென்மையான புல் சாப்பாடாகவும் இருக்கும், மெத்தையாகவும் இருக்கும், ஒளிந்துகொள்ளும் இடமாகவும் இருக்கும். இத்தனை சிறிய பெட்டிக்குள் மூன்று வேலைகளை ஒன்றாகச் செய்யும் பொருள் வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

நன்றாகப் பழகிய கினிப்பன்றி பெட்டிக்குள் எப்படி நடந்துகொள்ளும் என்று ஒருமுறை உற்றுப் பாருங்கள். கார் நகர்ந்த முதல் சில நிமிடங்கள் கண் அகல விரிந்திருக்கும், காது அசையாது, நான்கு கால்களும் உடம்புக்கு அடியில் மடங்கியிருக்கும். பிறகு மூக்கு நுனி மட்டும் துடிக்கத் தொடங்கும். மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு புல்லை, உடம்பை நகர்த்தாமல், உதட்டால் இழுக்கும். அந்தப் புல் பென்சில் சீவுகிற கருவிக்குள் நுழைவதுபோலச் சிறிது சிறிதாக உள்ளே போகும். பாதியில் ஒரு பள்ளத்தில் கார் குதித்தால் மெல்லுவது நின்றுவிடும், புல் வாயிலேயே தொங்கும். சற்று நேரத்தில் மீண்டும் தாடை அசையும். நின்ற தாடை மறுபடி எவ்வளவு சீக்கிரம் அசைகிறது என்பதுதான் நான் பார்க்கச் சொல்லும் அளவுகோல். முதல் அரை மணி நேரத்துக்கு எதுவும் சாப்பிடாவிட்டால் பதற வேண்டாம். இரண்டு மணி நேரம் ஆகியும் ஒரு புல்லைக்கூடத் தொடவில்லை என்றால் வண்டியை நிறுத்துங்கள். வெப்பம் எப்படி இருக்கிறது, ஓசை அதிகமா, வெயில் நேராக விழுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். தாடை அசையும்வரை நிதானமாக நின்றுவிட்டுப் போனாலும் தவறில்லை.

அடுத்தது வெப்பம். கினிப்பன்றியைக் காரில் கொல்வது பெரும்பாலும் வெப்பம்தான் என்பதால் இதில் கொஞ்ச நேரம் நின்று சொல்கிறேன். இதன் மூதாதையர் ஆண்டீஸ் மலைத்தொடரின் உயரத்தில் வாழ்ந்தவை. அடர்ந்த ரோமமும் உருண்டையான உடலும் குளிரைத் தாங்க அமைந்தவை. நம்மைப்போல் வியர்த்து உடலைக் குளிர்விக்க அதனால் முடியாது. நாயைப்போல் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துச் சமாளிக்கவும் தெரியாது. 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை அதற்குச் சுகம். 27, 28 டிகிரியை நெருங்கினாலே ஆபத்து தொடங்குகிறது. நமக்கு ‘கொஞ்சம் புழுக்கமாக இருக்கிறதே’ என்று தோன்றும் காரில் அது ஏற்கெனவே தவித்துக்கொண்டிருக்கும்.

நிறுத்திவைத்த காருக்குள் வெப்பம் ஏறும் வேகத்தைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 2005இல் அமெரிக்காவில் இதை அளந்து பார்த்தார்கள். மிதமான வெயில் நாட்களிலேயே ஒரு மணி நேரத்தில் காரின் உள்வெப்பம் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் உயர்ந்தது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைச் சற்று இறக்கிவைத்ததால் பெரிதாக எதுவும் குறையவில்லை. ஆகவே, ‘சாப்பிட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் வந்துவிடலாம்’ என்ற பேச்சே வேண்டாம். வண்டி நிற்கும் நேரமெல்லாம் பெரியவர் ஒருவர் ஏசியை ஓடவிட்டுக் காருக்குள் இருக்க வேண்டும். மற்றவர்கள் முறை வைத்து இறங்கிப் போகலாம். அது முடியாத இடத்தில் பெட்டியையும் கையோடு தூக்கிக்கொண்டு போங்கள்.

ஏசி ஓடுகிறதே என்று நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது. முன்சீட்டில் காட்டும் எண் பின்னால் தரையருகே உள்ள வெப்பம் ஆகாது. சிறிய வெப்பமானி ஒன்று வாங்கிப் பெட்டியின் பக்கவாட்டில், அவை கடிக்க எட்டாத உயரத்தில் கட்டுங்கள். ஏசி காற்று நேராகப் பெட்டியின் மேல் வீசாதபடி திருப்பிவிடுங்கள். குளிர்ந்த காற்று தொடர்ந்து மேலே பட்டாலும் அவை வாடிப்போகும். வெயில் விழும் பக்கத்தையும் கவனியுங்கள். கிளம்பும்போது நிழலாக இருந்த ஜன்னல், சாலை ஒரு வளைவு திரும்பியதும் வெயில் ஜன்னலாகிவிடும். பகல் நகர நகர இன்னொரு பக்கம் மாறும். இரு பக்க ஜன்னல்களுக்கும் திரை போட்டுவிடுவது நல்லது. பெட்டியின் மேல் மெல்லிய பருத்தித் துணி ஒன்றைப் பாதி மூடினாற்போல் போடலாம். முழுவதும் மூடினால் உள்ளே காற்று தேங்கும். சிறுநீரின் நெடி அந்தச் சின்ன இடத்துக்குள் ஏறினால் நுரையீரலைக் கெடுக்கும். காரில் வாசனைப் புட்டி தொங்கினால் ஒரு வாரத்துக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

முடிந்தவரை விடிவதற்கு முன்பே கிளம்புங்கள். வெயில் ஏறுவதற்குள் பாதித் தூரத்தைக் கடந்துவிடலாம். உறையவைத்த தண்ணீர்ப் புட்டி ஒன்றைத் துண்டில் சுற்றி, பெட்டியின் ஒரு மூலையில் நகராமல் வையுங்கள். வேண்டுமானால் அதில் சாய்ந்துகொள்ளும், வேண்டாவிட்டால் விலகிப் போகும். விலகிப் போவதற்கு இடம் இருப்பது முக்கியம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மதிய வேளையில் ஒரு தம்பதி துணிப்பையில் ஒரு கினிப்பன்றியைக் கொண்டுவந்தார்கள். ‘வழியெல்லாம் தூங்கிக்கொண்டே வந்தது, டாக்டர்’ என்றார் அந்த அம்மா, கொஞ்சம் பெருமையாகவே. பையைத் திறந்தேன். பிராணி பக்கவாட்டில் நீட்டிப் படுத்திருந்தது. மோவாய் எச்சிலில் நனைந்திருந்தது. காது மடல்கள் சிவந்து சூடாக இருந்தன, விலா வேகவேகமாக ஏறி இறங்கியது. காரின் ஏசி பழுதாகி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நாங்கள் போராடினோம், அது பிழைக்கவில்லை. அந்த அம்மாவை நான் குறை சொல்லவில்லை. தூக்கத்துக்கும் மயக்கத்துக்கும் வித்தியாசம் அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இந்த அறிகுறிகளில் எதையாவது பார்த்தால் உடனே வண்டியை நிழலில் நிறுத்துங்கள். சாதாரணத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து காதுகளையும் பாதங்களையும் துடையுங்கள். ஈரத் துண்டின் மேல் படுக்கவைத்து விசிறுங்கள். பனிக்கட்டித் தண்ணீரில் முக்காதீர்கள். திடீர்க் குளிரில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். அதிர்ச்சியிலேயே உயிர் போகவும் கூடும். மயங்கிக் கிடக்கும் பிராணியின் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும். கொஞ்சம் தெளிந்தாற்போல் தெரிந்தாலும் அருகில் உள்ள கால்நடை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். போகும் வழியில் எங்கெங்கே மருத்துவர் இருக்கிறார், அவர் கினிப்பன்றி பார்ப்பாரா என்பதைக் கிளம்புவதற்கு முன்பே தொலைபேசியில் கேட்டுக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நாய், பூனை மட்டும் பார்ப்பவர்கள் நிறையப் பேர்.

இப்போது டிக்கி. கூடாது. அங்கே காற்றோட்டம் இல்லை, குளிர்ச்சி போய்ச் சேராது. எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் கண் படாது. வாய் அசைகிறதா என்று டிக்கிக்குள் யார் எட்டிப் பார்ப்பது?

மடியிலும் கூடாது. உங்கள் மகனின் பாசம் எனக்குப் புரிகிறது. அவன் மனம் நோகாமல் நீங்கள்தான் சொல்ல வேண்டும். திடீரென்று பிரேக் பிடித்தால் ஒன்பது வயதுக் கைகளில் ஒரு கிலோ எடையுள்ள பிராணி நிற்காது. மிரண்டு குதித்தால் ஓட்டுகிறவரின் காலடிக்குள், பிரேக் பெடலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொள்ளும். அதன் முதுகெலும்பும் மெல்லியது, மடி உயரத்திலிருந்து விழுந்தாலே எலும்பு முறியக்கூடும். கார் ஓடும்போது பெட்டியைத் திறக்கவே கூடாது. நிறுத்திய பிறகும் கதவு, கண்ணாடி எல்லாவற்றையும் மூடிவிட்டுத்தான் திறக்க வேண்டும். மகனுக்குக் கொடுக்க இதைவிட நல்ல வேலை ஒன்று இருக்கிறது. பெட்டிக்கு அருகில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பது. புல் மெல்லும் ‘கறுக் கறுக்’ ஓசை கேட்கும்போதெல்லாம் ஒரு தாளில் மணியைக் குறித்துக்கொண்டே வரட்டும். வெப்பமானியின் எண்ணையும் அரை மணிக்கு ஒருமுறை எழுதட்டும். வழியில் ஏதாவது நேர்ந்து மருத்துவரிடம் போக நேர்ந்தால், அந்தத் தாள் எங்களுக்குப் பெரிய உதவி.

தூக்க மருந்து பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். உடல் வெப்பத்தைச் சமன்செய்யும் திறனை அது குறைக்கும், குடலையும் மந்தமாக்கும். நாம் காப்பாற்றப் பாடுபடும் இரண்டையும் ஒருசேரக் கெடுக்கும். மனிதர்கள் பயணத்தில் போட்டுக்கொள்ளும் மாத்திரைகளுக்கும் இதே பதில்தான். பேச்சோடு பேச்சாக இன்னொன்று: வீட்டில் மீந்த ஆன்டிபயாடிக் எதையும் முன்னெச்சரிக்கை என்று கொடுத்துவிடாதீர்கள். நமக்குச் சாதாரணமான அமாக்சிசிலினை வாய்வழியே கொடுத்தால் கினிப்பன்றியின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிரிகள் அழிந்து உயிருக்கே உலை வைக்கும்.

பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அட்டைப்பெட்டி இருபது நிமிடத்துக்குத் தாங்கும். ஒன்பது மணி நேரத்தில் அடிப்பாகம் சிறுநீரில் ஊறிப் பிய்ந்துவிடும், பக்கவாட்டைக் கடித்துத் துளை போட்டுவிடும். பூனைகளைக் கொண்டுபோகும் உறுதியான பிளாஸ்டிக் பெட்டி போதும். மேலே திறக்கக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். முன்பக்கக் கதவு மட்டும் இருந்தால், பயந்த கினிப்பன்றி கடைசி மூலைக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். அதை இழுத்து எடுப்பதற்குள் நீங்களும் அதுவும் படும் பாடு பெரும்பாடு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிப் படுக்கவும், திரும்பவும் இடம் இருந்தால் போதும். பெரிய கூண்டு வசதியாக இருக்குமே என்று எண்ண வேண்டாம். இடம் கூடக் கூட, வளைவுகளில் சறுக்கி மோதும் தூரமும் கூடும். அடியில் தடித்த துண்டு, அதன் மேல் ரோமத் துணி. செய்தித்தாள் மட்டும் விரித்தால் கால் வழுக்கும். வீட்டுக் கூண்டில் இருக்கும் மரக்குடிசையையும் பீங்கான் கிண்ணத்தையும் உள்ளே வைக்காதீர்கள். பிரேக் பிடிக்கும்போது அவை உருண்டு பிராணியை நசுக்கும்.

பெட்டியை எங்கே வைப்பது? முன்சீட்டுக்குப் பின்னால் உள்ள தரைதான் என் தேர்வு. அங்கே வெயில் குறைவு, ஆட்டமும் குறைவு. முன்சீட்டைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளினால் பெட்டி அசையாமல் பொருந்திக்கொள்ளும். வைப்பதற்கு முன் அரை மணி நேரம் காரை ஓட்டிவிட்டுத் தரையை உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். சில வண்டிகளில் தரை சூடேறும். அப்படியானால் பின்சீட்டில் வைத்துச் சீட் பெல்ட்டைப் பெட்டியைச் சுற்றி இறுக்குங்கள். கைப்பிடிக்குள் மட்டும் நுழைத்தால் போதாது, கைப்பிடி கழன்றுவிடும். பெட்டியின் நீளவாக்கு காரின் குறுக்கே இருக்கட்டும். அப்போது பிரேக் பிடித்தால் மூக்கு முட்டாது, உடம்பின் பக்கவாட்டு முழுதும் சுவரில் சாய்ந்துகொள்ளும். ஏர்பேக் உள்ள முன்சீட்டில் எக்காரணம் கொண்டும் வைக்க வேண்டாம்.

மிளகையும் பஞ்சையும் ஒரே பெட்டியில்தான் வைக்க வேண்டும். தெரிந்த உடம்பு ஒன்று பக்கத்தில் இருப்பதைப்போன்ற ஆறுதல் அவற்றுக்கு வேறில்லை. ஒன்று மெல்லத் தொடங்கினால் மற்றதும் தொடங்கும். வீட்டிலேயே சண்டை போடும் ஜோடிக்கு மட்டும் தனித்தனிப் பெட்டி தேவை, அதுவும் ஒன்றையொன்று முகரக்கூடிய தூரத்தில்.

தண்ணீருக்கு ஒரு சிறு தந்திரம் வேண்டும். குழாய் வைத்த தண்ணீர்ப் புட்டியை மாட்டிவிட்டால் கார் அதிர்வில் சொட்டுச் சொட்டாக ஒழுகிப் படுக்கை நனைந்துவிடும்; ஈரத்தில் உட்கார்ந்தே வருவது நல்லதல்ல. ஓடும்போது கழற்றிவிட்டு, நிறுத்தும்போதெல்லாம் மாட்டிப் பத்து நிமிடம் பொறுங்கள். வீட்டில் குடிக்கும் அதே தண்ணீரை எடுத்துச் செல்லுங்கள். புதுத் தண்ணீரின் வாடை பிடிக்காமல் குடிக்காது போகலாம். தண்ணீரைத் தொடாவிட்டாலும் வெள்ளரிக்காயைத் தொடும். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர்தான். நிறுத்தும்போதெல்லாம் ஒரு துண்டு, விரல் தடிமன் போதும். நிறையக் கொடுத்தால் புழுக்கை இளகிவிடும். கூடவே குடைமிளகாய் ஒரு கீற்று. நம்மைப்போலவே கினிப்பன்றிக்கும் வைட்டமின் சி-யை உடலிலேயே உண்டாக்கத் தெரியாது. பயணப் பதற்றத்தில் அதன் தேவையும் கூடுகிறது. எதுவானாலும் ஏற்கெனவே தின்று பழகிய காயாக இருக்கட்டும். புதுத் தீனியைப் பரிசோதிக்கும் நாள் இதுவல்ல.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தினால் போதும். சாலையோரப் புல்லில் சற்று மேயவிடலாமே என்று மனம் வரும், வேண்டாம். அங்கே என்ன மருந்து தெளித்திருக்கிறார்கள் என்று தெரியாது, ஒரு லாரி ஹாரன் அடித்தால் புதருக்குள் ஓடிவிடும், பிறகு பிடிக்கவே முடியாது.

இவ்வளவையும் பயண நாளன்று முதல் தடவையாகச் செய்தால் பலன் பாதிதான். உங்களுக்கு ஒரு மாதம் இருக்கிறது, அது பெரிய வரம். நாளைக்கே பெட்டியை வாங்கிக் கதவைத் திறந்தபடி அவற்றின் கூண்டுக்குள் வைத்துவிடுங்கள். தினமும் காலையில் புதுப் புல்லை அதற்குள் போடுங்கள். பஞ்சின் மனதில் இப்போது ‘பெட்டி என்றால் நகம் வெட்டுவது’ என்று பதிந்திருக்கும். அந்த நினைவின் மேல் ‘பெட்டி என்றால் புல்’ என்று எழுத வேண்டும். ஒரு வாரத்தில் அது உள்ளேயே போய்ப் படுத்துக்கொள்ளும். அதன் பிறகு பெட்டியை மூடி வீட்டுக்குள் தூக்கி நடங்கள். நிற்கும் காரில் எஞ்சினை ஓடவிட்டுப் பத்து நிமிடம் உட்காருங்கள். தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள், பிறகு அரை மணி நேரம், பிறகு ஒரு மணி நேரம். ஒவ்வொரு முறை திரும்பி வந்ததும் அவற்றுக்குப் பிடித்த கீரை கொஞ்சம். எந்தக் கட்டத்தில் மெல்லுவது நின்றுபோகிறதோ அந்தக் கட்டத்திலேயே இரண்டு மூன்று நாள் நில்லுங்கள். அவசரப்பட வேண்டாம்.

பெட்டிக்குள் வைக்கத் தூக்கும்போது ஒரு கை முன்னங்கால்களுக்குப் பின்னே மார்புக்கு அடியிலும், மறு கை பின்பக்கத்துக்கு அடியிலும் இருக்கட்டும். மேலிருந்து பிடித்தால் பருந்து தூக்கியதாகவே நினைக்கும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு இரண்டையும் ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். தும்மல், மூக்கொழுகல், எடைக் குறைவு ஏதாவது இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே முறை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். சினையாக இருக்கும் கினிப்பன்றியைக் கடைசி வாரங்களில் காரில் ஏற்றாதீர்கள். அந்த நேரத்தில் ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தாலே இரத்தம் நஞ்சாகித் தாயும் குட்டிகளும் சேர்ந்து போய்விடக்கூடும். நாயையோ முயலையோ அதே காரில் நெருக்கமாக ஏற்றுவதும் நல்லதல்ல. அவற்றுக்குப் பெரும்பாலும் தொந்தரவு தராத போர்டெட்டெல்லா என்கிற கிருமி கினிப்பன்றிக்கு நிமோனியாவைக் கொடுக்கும்.

போய்ச் சேர்ந்ததும் சாமான் இறக்குவது பிறகு. ஆள் நடமாட்டம் குறைந்த ஓர் அறையில் முதலில் அவற்றின் கூண்டை நிறுத்தி, புல்லும் தண்ணீரும் வைத்து, பெட்டியைத் திறந்து உள்ளேயே வைத்துவிட்டு விலகிவிடுங்கள். தாமாக வெளியே வரட்டும். புதுவீட்டைப் பார்க்க வருகிறவர்கள் அன்று அந்த அறைக்குள் வர வேண்டாம். கிளம்புவதற்கு முந்தைய நாள் சமையலறைத் தராசில் இரண்டையும் நிறுத்து எடையைக் குறித்திருப்பீர்கள்தானே? மறுநாள் காலையும் அதற்கடுத்த மூன்று நாட்களும் அதே நேரத்தில் நிறுங்கள். 900 கிராம் பிராணியில் 20, 30 கிராம் ஏற்ற இறக்கம் இயல்பு. 50 கிராம் குறைந்தால் கூர்ந்து கவனியுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். புழுக்கையையும் பாருங்கள். வழக்கத்தைவிடச் சிறியதாக, உலர்ந்து, கண்ணீர்த்துளி வடிவில் வந்தால் குடல் மந்தமாகியிருக்கிறது என்று பொருள். இறங்கி ஆறு மணி நேரம் ஆகியும் பஞ்சு புல்லைத் தொடாவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றிரவே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பெட்டியில் விரித்த துணியை அன்றே துவைத்துவிட வேண்டாம். சிறுநீரும் புல்லும் கலந்த அந்த வாடைதான் அவற்றுக்கு இப்போதைக்குத் தெரிந்த ஒரே வீடு. மிகவும் நனைந்த பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, காய்ந்த துண்டைப் புதுக் கூண்டின் ஒரு மூலையில் விரித்துவையுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்ததும் ‘வீக்’ என்ற குரல் கேட்கும் நாளில் எடுத்துத் துவைத்துக்கொள்ளலாம்.